விருந்தாக வந்த ஆந்தை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் கவிதையின் போக்கைப் பற்றியோ, வந்த நூல்களின் தரத்தைப் பற்றியோ பேசுவது மரபு. இந்த உரை ஒரு பறவையைப் பற்றியது. அதுவும் தமிழர் வீடுகளில் நல்ல பெயர் எடுக்காத பறவையாகிய ஆந்தையைப் பற்றியது. இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்ற வினா எழுவது இயல்பே. உரையின் முடிவிற்குள் அதற்கு விடை கிடைக்கும்.

ரொறன்ரோ மாநகரின் புறநகர்களான ஸ்காபரோ, பிக்கரிங், மிசிசாகா ஆகிய இடங்களில் மார்ச் மாத நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முடிய ஒரு நிகழ்ச்சி ஆண்டுதோறும் எங்கேனும் நடந்துகொண்டிருக்கிறது. வேலியோரத்துப் பனி முற்றாகக் கரைந்திராத காலம் அது. வீட்டுப் பின்வளவில் நிற்கும் ஓர் ஊசியிலை மரத்தைச் சுற்றிச் சிக்கடீ என்னும் சிறு குருவிகள் காலை நேரத்தில் ஓயாது கூச்சலிடுகின்றன. நீல ஜே ஒன்றும் வந்து அக்கூச்சலில் கலந்துகொள்கிறது. கதவைத் திறந்து வந்து பார்ப்பவர் முதலில் எதையும் காண்பதில்லை. மரத்தின் அடியில் வெண்ணிற எச்சத்தின் கோடுகள் தெரிகின்றன. பிறகு, ஆள் உயரத்திலேயே, அடர்ந்த கிளைக்குள், தண்டை ஒட்டி, ஒரு கையளவே உள்ள பழுப்பு நிற உருண்டை ஒன்று தென்படுகிறது. அவ்வுருண்டை இரு மஞ்சள் கண்களைத் திறந்து பார்க்கிறது. அது பறந்து செல்வதில்லை.

அதனைக் கண்டவர் பெரும்பாலும் மூன்று முடிவுகளில் ஒன்றிற்கு வருகிறார். அது ஆந்தைக் குஞ்சு என்பது ஒன்று. நோயுற்றது அல்லது காயம்பட்டது என்பது மற்றொன்று. மனிதருக்கு அஞ்சாத பழகிய பறவை என்பது மூன்றாவது. தமிழ் வீடாயின் நான்காவது முடிவும் உண்டு. வீட்டிற்கு ஏதோ வரப்போகிறது என்பதே அது. இந்நான்கும் பெரும்பாலும் பிழையாகவே முடிகின்றன.

அங்கே அமர்ந்திருப்பது பெரும்பாலும் முழுவளர்ச்சி பெற்ற, நலமான ஆந்தையே. நீளம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர்; எடை பெரும்பாலும் 75 முதல் 100 கிராம் வரை. கிழக்கு வட அமெரிக்காவின் ஆந்தைகளுள் மிகச் சிறியது இதுவே. பகலில் பறந்தால் காகமும் பருந்தும் பெரிய ஆந்தைகளும் கண்டுகொள்ளும். ஆகவே அசையாமல் இருப்பதே அதன் காப்பு. மனிதர் அணுகும்போது அது பறக்காதிருப்பது நட்பினால் அன்று. பறப்பதைவிட இருப்பது பாதுகாப்பு என்ற கணக்கினால். பார்ப்பவர் அதனை அமைதி என்று கொள்கிறார். அப்பறவையோ அந்த நேரம் முழுதும் விழிப்பின் உச்சத்தில் இருக்கிறது.

இதன் ஆங்கிலப் பெயர் சா-வெட் ஆந்தை என்பதாகும். ரம்பத்தை அரத்தால் தீட்டும்போது எழும் ஒலியை ஒத்த குரல் ஒன்று இதற்கு உண்டு என்பதனால் இப்பெயர் அமைந்தது என்று சொல்வர். மரம் அறுத்து வாழ்ந்த மக்களின் காது கேட்ட பெயர் அது. இனப்பெருக்கக் காலத்து இரவுகளில் ஆண் ஆந்தை எழுப்பும் குரல் வேறு வகையானது. ஒரே சுருதியில், நொடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை, சிறு குழலை ஊதுவது போல் நெடுநேரம் ஒலிப்பது அது. தமிழில் இப்பறவைக்கு வழக்கில் நிலைத்த பெயர் இல்லை. ரம்பந்தீட்டி என்று மொழிபெயர்த்தால் அது அயலார் காது கேட்டதன் நிழலாகவே அமையும். காகம், கூகை, குயில் என்று குரலைக் கேட்டே பறவைகளுக்குப் பெயரிட்ட மொழி தமிழ். அவ்வாறிருக்க, ஆண்டுதோறும் தமிழர் வாழும் தெருக்களின் மேலாக இரவில் கடந்து செல்லும் பறவையொன்று தமிழில் பெயரின்றி இருப்பது கவிஞர்கள் சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

இந்த ஆந்தை அங்கே எவ்வாறு வந்தது? எதிர்பாராது வந்தது என்று சொல்கிறோர் பலர். எவருக்கு எதிர்பாராதது என்பதே கேள்வி.

நெடுங்காலம் வரை இவ்வாந்தை அரிய பறவை என்றும், இருந்த இடத்திலேயே வாழ்வது என்றும் கருதப்பட்டு வந்தது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஹியூரான் ஏரிக்கு மேலாக வலசை சென்ற பறவைகள் திடீர்ப் பனிப்புயலில் அகப்பட்டு மடிந்தன. ஒன்ராறியோவின் மேற்குக் கரையில் ஒதுங்கிய உடல்களை எண்ணிப் பார்த்தபோது, சிட்டுகள் முதலிய பல்வகைச் சிறு பறவைகளோடு இவ்வாந்தைகளும் கிடந்தன. நிலையாக ஓரிடத்தில் வாழும் பறவை ஏரியின் நடுவே பறக்கவேண்டிய தேவை இல்லை. 1910ஆம் ஆண்டு அக்டோபரில் ஈரி ஏரிக்குள் நீண்டு செல்லும் பொயின்ற் பீலி முனையின் சீடார்ப் புதர்களில் இவ்வாந்தைகள் பல ஒருங்கே தங்கியிருந்தமை கண்டறியப்பட்டது. ரவெர்னர், ஸ்வேல்ஸ் என்னும் இருவர் அடுத்த ஆண்டு இதனை எழுதி வெளியிட்டனர். இது வலசைப் பறவை என்னும் கருத்து அவ்வாறு தோன்றியது. ஆயினும் முழு உண்மை வெளிப்படப் பல பதிற்றாண்டுகள் ஆயின.

பின்னாளில் ஆய்வாளர்கள் இருளில் மெல்லிய வலைகளை விரித்து, ஆண் ஆந்தையின் குரலை ஒலிப்பதிவிலிருந்து எழுப்பினர். ஆந்தைகள் வந்தன. காலில் இலக்கமிட்ட சிறு வளையம் பூட்டி, எடை பார்த்து, இருளிலேயே விடுவித்தனர். 1994ஆம் ஆண்டில் டேவிட் பிரிங்கர் என்பவரும் அவருடைய நண்பர்களும் இப்பணியில் ஈடுபட்ட நிலையங்களை இணைத்து ஆந்தை வலையமைப்பு ஒன்றைத் தொடங்கினர். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் அதில் இணைந்துள்ளன. அரியது என்று எண்ணப்பட்ட பறவை ஆயிரக்கணக்கில் ஆண்டுதோறும் வலையில் வந்து வளையம் பெற்றுச் செல்கிறது. பறவை அரிதாக இருந்ததில்லை. இரவில் அதனைத் தேடிய மனிதரே அரிதாக இருந்தனர்.

இளவேனிலில் இவை தெற்கிலிருந்து வடக்கின் ஊசியிலைக் காடுகளுக்குத் திரும்புகின்றன. வழியில் பேரேரிகள் குறுக்கிடுகின்றன. பெருநீர்ப் பரப்பைக் கடப்பதற்கு நிலப்பறவைகள் தயங்குவது இயல்பு. சில கரையைப் பின்பற்றிச் சுற்றி வருகின்றன. சில துணிந்து கடக்கின்றன. ஆகவே ஏரிக்கரையோரங்களில் அவை செறிகின்றன. சுப்பீரியர் ஏரியின் தென்கரையில், மிச்சிகன் மாநிலத்தில் உள்ள வைற்ஃபிஷ் முனையில் இளவேனில்தோறும் ஆந்தைகளுக்கு வளையமிடும் பணி நடைபெறுவது இக்காரணத்தினாலேயே. ரொறன்ரோ நகரமோ ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் அமைந்தது. இரவெல்லாம் பறந்து, விடியுமுன் இறங்க வேண்டிய பறவைக்கு வடகரையில் கிடைக்கும் முதல் மறைவிடம் ஒரு வீட்டின் பின்வளவில் நிற்கும் ஊசியிலை மரமாக இருந்துவிடுகிறது. அவ்வீட்டின் உறுதிப் பத்திரம் எவர் பெயரில் உள்ளது என்பது பறவைக்குப் பொருட்டன்று. வீடு கட்டப்படுவதற்கு முன்னரும் அவ்வழி இருந்தது. விருந்தினர் யார், வீட்டினர் யார் என்ற கேள்வி இவ்விடத்தில் சற்றுக் கலங்கிவிடுகிறது.

அந்தச் சிறிய உடல் எவ்வாறு அமைந்துள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். ஆந்தையின் கண்கள் குழியில் உருள்வதில்லை. அவை குழாய் வடிவில் எலும்பினுள் பொருந்தி நிற்பவை. ஆகவே பக்கத்தில் உள்ளதைப் பார்க்கக் கழுத்தையே திருப்ப வேண்டும். மனிதருக்குக் கழுத்தில் ஏழு எலும்புகள், ஆந்தைக்குப் பதினான்கு. ஏறத்தாழ 270 பாகை வரை தலையைத் திருப்ப முடிவது இதனால். "ஆந்தை முழி" என்று தமிழில் ஏளனம் செய்யப்படுவது, கண்ணை உருட்ட இயலாத பறவையின் நேர்ப்பார்வையே ஆகும்.

சா-வெட் ஆந்தையின் இரு செவித்துளைகளும் மண்டையோட்டில் ஒரே உயரத்தில் அமைந்தவையல்ல. ஓர் ஒலி இரு செவிகளையும் அடைவதில் ஏற்படும் மிகச் சிறிய வேறுபாட்டைக் கொண்டு, ஒலி எழுந்த இடம் இடமா வலமா, மேலா கீழா என்று அது கணித்துவிடுகிறது. ரோஜர் பெய்ன் என்னும் அறிஞர் கூகையினத்தைச் சேர்ந்த ஆந்தைகளை முற்றும் இருட்டாக்கிய அறையில் வைத்துச் சோதித்தார். சருகின் மேல் ஓடும் எலியை அவை ஒலியைக் கொண்டே பற்றின. ஒரு செவியை அடைத்தபோது குறி தவறின. திமிங்கிலங்களின் பாடல்களை 1970ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வெளியிட்டு உலகறியச் செய்தவரும் இவரே. ஆந்தையின் செவியை ஆராய்ந்தவர் கடலின் பாட்டைக் கேட்டவராக ஆனது பொருத்தமான வளர்ச்சி எனலாம்.

இறகுகளின் முன்விளிம்பு சீப்புப் போல் பற்களாகப் பிரிந்திருப்பதால் காற்று கிழிபடும் ஓசை அடங்குகிறது. அதனால் இரை அதனைக் கேட்பதில்லை. அதற்கு இரையின் ஒலி தெளிவாகக் கேட்கிறது. குளிர்காலத்தில் மீந்த எலியை மரக்கிளையில் வைத்துவிட்டு, அது உறைந்தபின், முட்டையை அடைகாப்பது போல் அதன்மேல் அமர்ந்து உருகவைத்து உண்ணும் வழக்கமும் இதற்கு உண்டு. இத்தகைய ஒரு செய்தியைக் கற்பனையால் எட்டுவது கடினம். பார்த்தவர்க்கே அது கிட்டும்.

இனித் தமிழ் இலக்கியத்திற்கு வருவது தகும். சங்கப் புலவர்கள் இப்பறவையினத்தைப் பார்த்திருக்கிறார்கள். நற்றிணையின் 83ஆம் பாடல் ஊர் வாயிலில், நீர்த்துறை அருகே நிற்கும் மரத்துக் கூகையை நோக்கித் தோழி பேசுவதாக அமைந்தது. தலைவன் இரவில் வரும் நேரத்தில் கூகை குழறினால் ஊர் விழித்துக்கொள்ளும். ஆகவே குரல் எழுப்பாதிருக்குமாறு தோழி வேண்டுகிறாள். அதற்கு ஈடாக ஊன் கலந்த நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருவதாக வாக்களிக்கிறாள். அதன் வளைந்த அலகும் தெளிந்த கண்ணும் கூரிய நகமும் அங்கே சொல்லப்படுகின்றன. அதன் உணவு எலி என்பதைப் புலவர் அறிந்திருக்கிறார். அஞ்சத்தக்க குரல் என்பதும் மறைக்கப்படவில்லை. ஆயினும் அங்கே கூகை தீச்சகுனமாக விரட்டப்படவில்லை. அயலில் வாழும் ஓர் உயிராக, விலை பேசத்தக்க ஒருவராக மதிக்கப்படுகிறது.

புறநானூற்றின் 364ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் இன்று தெரியவில்லை. பாட்டில் வந்த பறவையின் பெயராலேயே அவர் கூகைக்கோழியார் என்று அறியப்படுகிறார். முதுமரப் பொந்தில் வாழும் கூகையை, இறந்தோரைத் தாழியில் புதைக்கும் காட்டோடு சேர்த்துப் பாடியவர் அவர். இச்சேர்க்கையின் காரணம் ஆராயத்தக்கது. ஊருக்குள் முதுமரங்கள் வெட்டப்பட்டு விடும். இடுகாட்டு மரத்தை எவரும் எளிதில் தொடுவதில்லை. மரம் முதிர்ந்தால் பொந்து விழும். பொந்து இருந்தால் கூகை வரும். இறப்பு நிகழும் இடத்திற்குக் கூகை வந்தது என்பதைவிட, மனிதர் வெட்டாது விட்ட மரத்திற்கு அது வந்தது என்பதே பொருந்தும். பிற்காலத்தில் மரம் மறந்து போயிற்று. இறப்பு மட்டும் பறவையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சாக்குருவி என்ற சொல் அவ்வாறு நிலைத்தது எனலாம்.

திருக்குறளின் காலமறிதல் அதிகாரம், 481ஆம் குறளில், பகலில் காகம் கூகையை வெல்லும் என்பதை உவமையாகக் கொண்டே தொடங்குகிறது. பஞ்சதந்திரக் கதைகளில் காகங்களுக்கும் ஆந்தைகளுக்கும் நடக்கும் பெரும்போர் யாவரும் அறிந்தது. இவை வெறும் கற்பனையில் எழுந்தவை அல்ல. பகலில் ஆந்தையைக் கண்ட சிறு பறவைகளும் காகங்களும் ஒன்றுகூடிக் கத்தித் துரத்துவது கண்கூடான உண்மை. ஸ்காபரோ வளவில் சிக்கடீக் குருவிகள் எழுப்பும் கூச்சலும் அதே நிகழ்ச்சியின் வடபுலத்து வடிவமே. குறளின் உவமை புரிவதற்கு அந்த வளவில் காதைக் கொடுத்து நின்றால் போதும்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். கவிஞன் பறவையியலாளன் அல்லன். அவனுக்கு ஆந்தை ஒரு குறியீடு. இருளுக்கும் தனிமைக்கும் அச்சத்திற்கும் அச்சொல் பயன்பட்டால் போதாதா என்று கேட்கலாம். குறியீட்டை எவரும் மறுக்கவில்லை. ஆனால் பொருளைப் பார்த்து எழுந்த குறியீட்டிற்கும், முன்னைய குறியீட்டைப் பார்த்து எழுந்த குறியீட்டிற்கும் வேறுபாடு உண்டு. கூகைக்கோழியார் மரத்தையும் பொந்தையும் பறவையையும் பார்த்தபின் நிலையாமையைச் சொன்னார். பின்வந்தோர் பலர் சாவைச் சொல்ல வேண்டியபோது ஆந்தையைச் சொல்லாக மட்டும் எடுத்துக்கொண்டனர். சொல் தேய்ந்தது. புலம்பெயர்ந்த கவிதையில் பனியும் மேப்பிள் இலையும் ஊர்நினைவின் அடையாளங்களாக வந்து நிற்கின்றன. பறவை என்ற பொதுச்சொல் பறக்கிறது. அது எந்தப் பறவை என்று கேட்டால் விடை இல்லை. பெயரில்லாத இடத்தில் வாழ்பவன் அவ்விடத்தில் இன்னும் குடியேறவில்லை என்றே பொருள்.

இலங்கைத் தீவில் நிகழ்ந்த ஒன்று இதற்கு எடுத்துக்காட்டாகும். 1995ஆம் ஆண்டில் தீபால் வரக்காகொட என்னும் பறவையியலாளர் ஈரவலயக் காட்டில் இனந்தெரியாத ஓர் ஆந்தைக் குரலைக் கேட்டார். அக்குரலுக்குரிய பறவையை அவர் கண்ணால் கண்டது 2001ஆம் ஆண்டில். 2004ஆம் ஆண்டில் அது உலகிற்குப் புதிய இனம் என்று முறைப்படி பெயரிட்டு விவரிக்கப்பட்டது. செரண்டிப் ஆந்தை என்று இன்று அது வழங்கப்படுகிறது. ஒரு குரலுக்கும் ஒரு பெயருக்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள் சென்றன. ஒரு கவிதைச் சொல்லுக்காக அத்தனை காலம் காத்திருக்கும் கவிஞர் இருப்பின் அவரைப் போற்றுதல் தகும்.

அன்பர்களே, இனிச் சொல்ல இருப்பதே உரையின் உயிரான பகுதி. ஆந்தையைப் பார்த்தல் நல்லது என்று இதுவரை சொல்லப்பட்டது. பார்ப்பதினாலேயே ஆந்தைக்குத் தீங்கு நேர்வதும் உண்டு.

வளவில் ஆந்தை இருக்கிறது என்ற செய்தி கைப்பேசி வழியாகச் சில நிமிடங்களில் பரவிவிடும். படம் எடுப்போர் திரள்வர். கிளையை விலக்குவர், கண் திறக்கட்டும் என்று ஒலி எழுப்புவர், பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்வர். இரவு முழுதும் பறந்து களைத்து, அடுத்த இரவின் பயணத்திற்காக வலிமையைச் சேமித்துக்கொண்டிருக்கும் 80 கிராம் உடலுக்கு ஒவ்வொரு கலைப்பும் ஒரு செலவு. மரத்தை விட்டுப் பகலில் அது பறந்தால், காத்திருக்கும் பருந்துக்கு இரையாகலாம். ஆந்தை தங்கும் மரத்தின் இடத்தைப் பொதுவில் வெளியிடாதிருப்பதைப் பறவை நோக்குவோர் பலர் நெறியாகக் கொண்டிருப்பது இதனாலேயே.

மனிதர் குடியிருப்பு வேறு வகையிலும் அதற்கு ஆபத்தானது. கண்ணாடி யன்னலில் தெரியும் வானம் பறவைக்கு வானமாகவே படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுதோறும் 36.5 கோடி முதல் 98.8 கோடி வரையான பறவைகள் இறப்பதாக 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. இரவு விளக்குகளாலும் கண்ணாடியாலும் வலசைப் பறவைகள் மடிவதைத் தடுப்பதற்காக ரொறன்ரோவில் 1993ஆம் ஆண்டிலேயே ஓர் அமைப்புத் தோன்றியது. அதன் தொண்டர்கள் விடியற்காலையில் நகர்க் கட்டடங்களின் அடியில் விழுந்து கிடக்கும் பறவைகளைப் பொறுக்கி, உயிருள்ளவற்றைக் காத்து வருகின்றனர்.

நியூயோர்க் நகரின் மூன்று ஆந்தைகளின் கதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 2020ஆம் ஆண்டு நவம்பரில், நத்தார் விழாவிற்காக ஒனியொன்ரா என்னும் ஊரிலிருந்து ரொக்ஃபெலர் மையத்திற்குக் கொண்டுவரப்பட்ட பெருமரத்தினுள் ஒரு சா-வெட் ஆந்தை அகப்பட்டிருந்தது. குஞ்சு என்றே முதலில் எண்ணினர்; அது முழுவளர்ச்சி பெற்ற பெண் ஆந்தை. வனவிலங்கு மையம் ஒன்றில் சில நாள் பேணப்பட்டு, அதே மாதம் 24ஆம் நாள் காட்டில் விடுவிக்கப்பட்டது. அது நல்ல முடிவு.

அதே ஆண்டு அக்டோபரில் மத்திய பூங்காவிற்குத் தானாக வந்து, பகலிலும் காட்சி தந்து, பலருடைய அன்பைப் பெற்ற பார்ட் ஆந்தை 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் பூங்காவின் வாகனம் ஒன்றில் மோதி இறந்தது. சோதித்தபோது அதன் உடலில் எலி நஞ்சு மிகுந்திருந்தமை தெரியவந்தது. மூன்றாவது, பிளாக்கோ என்னும் கழுகாந்தை. 2023ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் எவரோ கூண்டின் வலையை வெட்டிவிட, மிருகக்காட்சிச்சாலையிலிருந்து வெளியேறி ஓராண்டிற்கு மேல் நகரில் சுதந்திரமாக வாழ்ந்தது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் ஒரு கட்டட முற்றத்தில் விழுந்து இறந்தது. அதன் உடலில் புறாக்களிடமிருந்து தொற்றும் நோய்க்கிருமியும் நால்வகை எலி நஞ்சும் இருந்தன. அது விரும்பித் தங்கிய ஓக் மரத்தின் அடியில் மக்கள் மலர்களையும் ஓவியங்களையும் மடல்களையும் கவிதைகளையும் வைத்தனர்.

அம்மக்களின் அன்பில் பொய் இல்லை. ஆயினும் நஞ்சுண்ட எலியை உண்டு ஆந்தை நஞ்சேறுகிறது. அந்த நஞ்சை வைத்தவை அதே நகரத்தின் கட்டடங்கள். இரங்கற் கவிதை எழுதிய தெருவிலும் நஞ்சுப் பெட்டி இருந்திருக்கும். எலிக்கு நஞ்சு வைப்பவர் எலியை உண்பவருக்கும் வைக்கிறார் என்பது அறத்தைப் பாடுவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. கூகைக்குச் சுட்ட எலி தருவதாக வாக்களித்த தோழியின் மரபில் வந்தவர்கள், அவ்வுணவில் நஞ்சு கலக்காதிருக்கும் கடப்பாட்டையும் உடையவர்கள்.

தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாது புதிதாக வந்தவரே விருந்தினர். உண்ணும் உணவிற்கு அப்பெயர் பின்னர் ஆகிவந்தது. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புக்களைக் கூறுமிடத்து அவற்றுள் ஒன்றற்கு விருந்து என்றே பெயர் தருகிறது. புதியதாகப் புனையப்படும் யாப்பு வகை அது. ஆக, வாயிலில் வந்து நிற்கும் அறியாதவருக்கும், இதற்கு முன் இல்லாத செய்யுளுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. இளவேனில் இரவில் ஏரியைக் கடந்து வந்து, விடியலில் வளவு மரத்தில் அமரும் ஆந்தை இவ்விரு பொருளிலும் விருந்தாகும். அது புதிய வருகை. புதிய சொல்லையும் கேட்கிறது.

மனித விருந்தினரை முகமலர்ந்து நோக்கி, அருகே அழைத்து, உணவிட்டு ஓம்புவது தமிழர் மரபு. இந்த விருந்தினருக்கு அம்மரபை அப்படியே செலுத்துவது கேடாகும். அருகே செல்லாதிருப்பதும், பார்வையைச் சுருக்கிக்கொள்வதும், பகல் முடியும்வரை கதவை ஓசையின்றிச் சாத்துவதும், இரவில் முற்றத்து விளக்கை அணைத்து வழிவிடுவதுமே இங்கே விருந்தோம்பல். தொலைவிலிருந்து ஒருமுறை செவ்வையாகப் பார்த்தால் போதும். அலகின் வளைவு, நெற்றியின் வெண்கோடுகள், மார்பின் செம்பழுப்புப் பட்டைகள், மரத்தண்டோடு ஒன்றியிருக்கும் விதம் ஆகியவற்றை அந்த ஒரு பார்வையில் மனத்தில் பதித்துக்கொண்டவர் அதனை மறக்கமாட்டார்.

கவிதைக்கும் இதே நெறி பொருந்தும். பொருளின் மேல் பாய்ந்து அதனைத் தன்வயமாக்கும் கவிதை உண்டு. பொருளை அதன் இடத்திலேயே இருக்கவிட்டு, விலகி நின்று, பிழையின்றிச் சொல்லும் கவிதையும் உண்டு. பின்னதற்குப் பொறுமை மிகுதியாக வேண்டும். குடியேறிய நிலத்தின் மரங்களும் பறவைகளும் அப்பொறுமைக்காகக் காத்திருக்கின்றன.

பத்தாண்டுகள் தொடர்ந்து கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் செவிகொடுத்துக் கேட்ட வட்டம் இது. கேட்டலே ஆந்தையின் வாழ்வு. கவிதையின் வாழ்வும் அதுவே. அடுத்த பத்தாண்டுகளில் இவ்வட்டத்தின் கவிஞர் ஒருவர், வடகரையின் இரவில் ஒலிக்கும் அந்தக் குழற்குரலைத் தம் காதால் கேட்டு, அப்பறவைக்குத் தமிழில் ஒரு பெயர் சூட்டுவாராயின், அப்பெயரைப் பின்வரும் பிள்ளைகள் சாவை நினையாமல் சொல்வார்களாயின், அதுவே இவ்வட்டம் இந்த நிலத்திற்குச் செய்யும் விருந்தாக அமையும்.